குறைந்த செலவு சோலார்: நேரில் பார்த்து இன்னும் உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைப்பெயர்)

கிளாம்ப்மீட்டர்

330 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரி, நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்த பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர். உச்சி வெயில், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பேட்டரிக்குப் போகிற வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) மாட்டினால் 8.6 ஆம்பியர். பேட்டரி முனையில் 13.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 113 வாட். வீட்டுக்காரர் ஈரத்துணியோடு பேனலைத் துடைக்க ஏறிவிட்டார். துடைத்து இறங்கிய பிறகும் அதே 8.6 தான்.

பேனலும் பழுதில்லை, கன்ட்ரோலரும் பழுதில்லை. பேனலின் பின்பக்க லேபிளிலேயே விஎம்பி (முழு வாட் தரும்போது உள்ள வோல்டேஜ்) 37.5, ஐஎம்பி (அப்போதைய ஆம்பியர்) 8.8 என்று போட்டிருக்கிறது. பிடபிள்யூஎம் வெறும் ஸ்விட்ச். பேனலைக் கொண்டுபோய் நேரே பேட்டரியில் கோர்த்துவிடும். கோர்த்ததும் பேனல் வோல்டேஜ் 13க்கு இறங்கும், ஆனால் ஆம்பியர் ஏறாது. மீதி 24 வோல்ட் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. அதே இடத்தில் 30 ஆம்பியர் எம்பிபிடி (மிச்ச வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர்) இருந்தால், சூட்டு இழப்பெல்லாம் போக 270 வாட் கிடைத்தாலே மீட்டரில் 19, 20 ஆம்பியர் காட்டும்.

12 வோல்ட் பேட்டரியில் பிடபிள்யூஎம் போடுவதானால் 36 செல் பேனல். 24 வோல்ட்டுக்கு 72 செல். 60 செல் பேனல் இரண்டுக்கும் ஒத்துவராது. அதன் விஎம்பி 31 வோல்ட் சுமார். செல் சூடு 65 டிகிரியைத் தொட்டால் 27க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 24 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நிறைய 28.8 வேண்டும். எங்கே நிறைவது?

பழையபேட்டரி

பிடபிள்யூஎம் மேல பழி போடாதீங்க சார். பேனலைத் தப்பா வாங்கினதுக்கு கன்ட்ரோலர் என்ன பண்ணும்? 100 வாட், 36 செல் பேனல் ஒண்ணே ஒண்ணு வச்சு நாலு லைட்டும் ஒரு ஃபேனும் ஓட்டுறவருக்கு எம்பிபிடி தண்டச் செலவு. விஎம்பி 18ன்னு லேபிள்ல இருக்கும், கொதிக்கிற வெயில்ல 15.5 தான். பேட்டரி 14.4ல, அதாவது நிறையுற வோல்டேஜ்ல, நிக்கிற நேரத்துல ஒரு வோல்ட் வித்தியாசத்துல எம்பிபிடி எதைச் சம்பாதிச்சுக் கொடுக்கும்?

சரி, என்னை உறுத்துறது வேற. ஒரு கடையில 150 ஏஎச் பேட்டரி. ஆறு மூடியையும் கழட்டி ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பார்க்கிற கருவி) விட்டா ஆறு செல்லும் ஒரே மாதிரி 1.180, நிறைஞ்ச பேட்டரிக்கு இது குறைவு. ஒரு செல் மட்டும் குறைஞ்சிருந்தா அந்த செல் போச்சுன்னு அர்த்தம். ஆறும் ஒண்ணா குறைஞ்சிருந்தா பேட்டரி முழுசா நிறையவே இல்லைன்னு அர்த்தம். கடைக்காரர் கையில புது பேட்டரிக்கு எழுதின பில்லு! அதையும் இதே பேனல்ல மாட்டியிருந்தா இதே கதி தான்.

கணக்கு ரொம்பச் சுலபம். 12 வோல்ட் 150 ஏஎச்னா 1800 வாட் ஹவர். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுக்கக் கூடாது, ஆக 900. மேல இருந்தது 200 வாட் பேனல். நல்ல வெயில் நாலரை மணி நேரம்னு வச்சா 900, அதுல சூடு, தூசி, வயர், பேட்டரி இழப்பெல்லாம் போக 600 தேறினா பெரிசு. கடையில ராத்திரி ஓடுறது 800. தினமும் 200 கடன். கடன்ல கிடக்குற பேட்டரித் தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசா திரும்பாது. 150 ஏஎச்சுக்கு 15 ஆம்பியர் சார்ஜ் போகணும், இது பத்துல ஒரு பங்கு கணக்கு. 200 வாட் பேனல் 11 ஆம்பியர் தான் தரும்.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துறது பேட்டரி நிறைஞ்ச பிறகு தான். காலி பேட்டரியில மேல் கோடு வரை ஊத்தினா சார்ஜ் ஏறும்போது வழிஞ்சு டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துடும். தகடு வெளியே தெரியுதுன்னா மட்டும் தகடு மூழ்குற அளவு ஊத்தி, சார்ஜ் பண்ணி, அப்புறம் மீதி. ஆசிட் ஊத்தவே கூடாது. தண்ணி தான் ஆவியாகும், ஆசிட் உள்ளேயே தான் இருக்கும். குழாய்த் தண்ணி, ஃபில்டர் தண்ணி எதுவும் வேண்டாம். சூடு அதிகமான அறைன்னா 14.4ஐ அப்படியே விடாதீங்க, செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3லேருந்து 5 மில்லிவோல்ட் குறைக்கணும். கன்ட்ரோலர்ல சென்சார் வயர் இருந்தா அதைப் பேட்டரி உடம்புல ஒட்டுங்க. பாதிப் பேர் அதைப் பெட்டியிலேயே விட்டுடறாங்க.

நடுப்பகல்

சுருக்கமாக. மொட்டை மாடியில் 5 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது), பளபளவென்று புதுசு. பகல் 12 மணிக்கு கரண்ட் கட். கீழே ஃபேன் நிற்கிறது, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. வீட்டு அம்மா கேட்ட கேள்வி: "வெயில் இருக்கே, அப்புறம் ஏன் போச்சு?"

விற்றவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். லைனில் கரண்ட் இல்லாவிட்டால் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் உடனே நின்றாக வேண்டும். லைனில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாதே! பேக்கப் வேண்டுமானால் லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், கூடவே பேட்டரி. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் மட்டும் தனி சர்க்யூட்டாகப் பிரித்து பேக்கப் அவுட்புட்டில் கொடுக்க வேண்டும். வீட்டின் மொத்த டிபியையும் (மின் விநியோகப் பெட்டி) அதில் கோர்த்தால் வாட்டர் ஹீட்டர் போட்ட நொடியில் ஓவர்லோடில் விழும். பேட்டரி பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஹைப்ரிட்டை மட்டும் வாங்குபவர்கள், பேட்டரி இல்லாமல் பேக்கப் அவுட்புட் வருமா என்று மேனுவலில் பாருங்கள். பல மாடல்களில் வராது.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைகளுக்கு: கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஓட, ஆன்கிரிட் அதையே லைன் என்று நம்பித் தானும் சேர்ந்துகொள்ளும். லோடு குறைவாக இருந்தால் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும். சோலாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லாமல் இரண்டையும் ஒரே பஸ்பாரில் (பொது இணைப்புக் கம்பி) விடக் கூடாது.

கறுத்தகனெக்டர்

பேனலுக்கு அடியில் தளத்தோடு ஒட்டிக் கிடந்த எம்சி4 (பேனல் வயர்களைக் கோர்க்கும் கனெக்டர்) ஜோடி. தொட்டால் பிளாஸ்டிக் கையோடு வருகிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கொப்புளம். உள்ளே இருந்த பின் நீலமாக வெந்திருக்கிறது. அடுத்த ஜோடி சுத்தமாக, புதுசு போல.

வெந்த ஜோடியில் ஆண் ஒரு கம்பெனி, பெண் இன்னொரு கம்பெனி. இரண்டும் 'எம்சி4க்குப் பொருந்தும்' என்று விற்றவை. க்ளிக் என்று மாட்டத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஸ்பிரிங் பிடிமானம் இரண்டுக்கும் ஒன்றல்ல. போதாததற்கு வயரைச் சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது 10 வாட் சூடு. கட்டைவிரல் அளவுப் பொருளுக்குள், வெயிலிலும் மூடிய நிலையிலும்.

செய்யும் முறை: பேனலோடு வந்த கனெக்டர் எந்த கம்பெனியோ அதே வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரு முனையும் வெட்டி ஒரே கம்பெனி ஜோடி போட வேண்டும். வயரை உரிக்கும்போது ஒரு இழைகூட அறுபடக் கூடாது. வயரோடு பின்னை நசுக்கிப் பிடிக்க, எம்சி4க்கான டை (அச்சு) உள்ள கிரிம்பிங் டூல். கிரிம்ப் செய்ததும் இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னை உள்ளே தள்ளும்போது க்ளிக் கேட்க வேண்டும், பிறகு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். பின்பக்க நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே போகும். வயரை ஃபிரேமில் கிளிப் போட்டுத் தூக்கிவிட வேண்டும், தளத்தில் கிடக்கக் கூடாது.

வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கனெக்டரைக் கழற்றவே கூடாது. ஏசி கரண்ட் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், தீப்பொறி தானாக அணையும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது. அந்தத் தீப்பொறி, அதாவது ஆர்க், நீண்டுகொண்டே வரும். முதலில் இன்வெர்ட்டர், பிறகு டிசி ஸ்விட்ச், பிறகு கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அதற்கப்புறம் கனெக்டர். ஏசி எம்சிபியை (ட்ரிப் ஸ்விட்ச்) டிசி பாக்ஸில் மாட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து. டிசி எம்சிபியிலும் பிளஸ் மைனஸ் குறி போட்டவை உண்டு. திருப்பி மாட்டினால் உள்ளே இருக்கும் காந்தம் ஆர்க்கைத் தப்பான பக்கம் தள்ளும், ட்ரிப் ஆகும்போதே உருகும்.

மொத்தத்தில் 6 ஸ்கொயர் எம்எம் வயர், நல்ல கனெக்டர், இந்த இரண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஓம்விதி

கனெக்டர் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. 6 ஸ்கொயர் தான் எல்லா இடத்துக்கும் என்பது சரியில்லை. 400 வோல்ட் ஸ்ட்ரிங்கில் (வரிசையாகக் கோர்த்த பேனல்கள்) 10 ஆம்பியர், போக 20 மீட்டர் வர 20 மீட்டர், 4 ஸ்கொயர் செம்பு: 1.8 வோல்ட் விழும். அரை சதவீதம்கூட இல்லை. அதே 4 ஸ்கொயரில் 12 வோல்ட் பேட்டரிக்கு 20 ஆம்பியர், போக 10 மீட்டர் வர 10 மீட்டர் என்றால் அதே 1.8 வோல்ட் விழும். அங்கே அது 14 சதவீதம். காசை எங்கே போடுவது என்று வோல்டேஜ் தான் சொல்லும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், பேனலிலிருந்து உயர்ந்த வோல்டேஜில் கீழே கொண்டுவாருங்கள், மெல்லிய வயரே போதும்.

டிசி பக்கம் 6 ஸ்கொயர் போட்டுவிட்டு ஏசி பக்கம் கோட்டைவிட்ட ஒரு பட்டறை தான் எனக்கு மறக்கவில்லை. 5 கிலோவாட் இன்வெர்ட்டர், மீட்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளி, நடுவில் 4 ஸ்கொயர். காலை முழுக்க ஒழுங்காக ஓடும். 11 மணிக்கு மேல் நிற்கும், தானாக வரும், மறுபடி நிற்கும். திரையில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்'. மீட்டரில் அளந்தால் 248 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 254. லைனுக்குள் கரண்ட்டைத் தள்ள இன்வெர்ட்டர் தன் வோல்டேஜை உயர்த்தியாக வேண்டும். 22 ஆம்பியருக்கு அந்த வயரில் 6 வோல்ட் ஏறுகிறது, 253ஐத் தாண்டியதும் வெட்டிக்கொள்கிறது. 10 ஸ்கொயர் போட்டால் ஏற்றம் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். மூன்று முறை இன்வெர்ட்டரையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள், வயரை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிழல்வேட்டை

வென்ட் பைப். இரண்டு அங்குலம் தான். அதன் நிழல் காலையில் ஒரு பேனலின் குறுக்கே விழுகிறது, ஸ்ட்ரிங்கில் 8 பேனல். 'இத்துனூண்டு நிழலுக்கு என்ன' என்றார்கள். ஒரு பேனலில் பொதுவாக மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்ட்டை விடுவது). ஒரு செல் முழுக்க மறைந்தாலே அந்த மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிழல் மூன்று பகுதியையும் குறுக்கே தொட்டால் அந்தப் பேனலே கணக்கில் இல்லை. ஹாஃப்கட் (செல்லைப் பாதியாக வெட்டி இரு பாதியாகக் கோர்த்த) பேனலாக இருந்து நிழல் கீழ்ப் பாதியில் மட்டும் விழுந்தால் மேல் பாதி தப்பிக்கும். பைப்பை வெட்டிக் குட்டையாக்கலாம், எல்போ போட்டுத் திருப்பலாம். ஆப்டிமைசர் (பேனல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனிக்கும் பெட்டி) வாங்கச் சொல்வார்கள், முதலில் ஹாக்ஸா பிளேடு எடுங்கள்.

இரண்டுசீரியல்

கிளாம்ப்மீட்டர் அண்ணே, நீங்க சொன்ன 330 வாட் பேனல் ரெண்டை சீரியல் போட்டு 100 வோல்ட் எம்பிபிடியில கொடுக்கலாமா? லேபிள்ல விஓசி (லோடு இல்லாதப்போ உள்ள வோல்டேஜ்) 46 தான். 92 தானே வருது?

ஓம்விதி

வேண்டாம். லேபிளில் உள்ள விஓசி 25 டிகிரிக்கு. குளிரக் குளிர ஒரு டிகிரிக்கு 0.3 சதவீதம் சுமார் ஏறும். 0 டிகிரி விடியலில் இரண்டு பேனல் 99 வோல்ட். இன்னும் குளிர்ந்தால் 100ஐத் தாண்டும். தாண்டினால் கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் வேலை செய்யும் பாகம்) போய்விடும், வாரன்ட்டியும் கிடைக்காது. பேரலலாகப் போடுங்கள், அல்லது 150 வோல்ட் மாடல் வாங்குங்கள். இரண்டு பேனல் பேரலலுக்கு ஃபியூஸ் தேவையில்லை, மூன்றாவது சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். மாட்டும்போது முதலில் பேட்டரி, கன்ட்ரோலர் 12ஆ 24ஆ என்று கண்டுகொண்ட பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

பழையபேட்டரி

எம்பிபிடி வாங்குறது சரி, இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு தின்னுதுன்னும் பாருங்க தம்பி. லோடு எல்லாத்தையும் அணைச்சுட்டு பேட்டரி வயர்ல மீட்டர் வைங்க. மலிவான 5 கேவிஏ ஆஃப்கிரிட் (லைனோட சேராம பேட்டரியில ஓடுற) இன்வெர்ட்டர்ல 50 வாட் சர்வ சாதாரணம். ஒரு நாளுக்கு 1.2 யூனிட். உங்க ரெண்டு பேனலும் சேர்ந்து 660 வாட், நல்ல நாள்ல இரண்டரை யூனிட் தரும். பாதியை இன்வெர்ட்டரே சாப்பிட்டுடும். 4 லைட்டுக்கும் ஃபேனுக்கும் 600 விஏ போதும், ஃபேன் டிசின்னா இன்வெர்ட்டரே வேண்டாம்.