‘கோசி’ விளையாட்டுகளுக்கு ‘ஆறமர் விளையாட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘கோசி’ (cozy) என்று அழைக்கப்படும், சண்டையும் அவசரமும் இல்லாத அமைதியான கணினி விளையாட்டுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் இரண்டு முறை படித்தேன். எனக்கு இந்தச் சொல் உடனே வேண்டியிருக்கிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெற்றோருக்கான கூட்டம் ஒன்று நடந்தது. பிள்ளைகளும் கைபேசியும்தான் பொருள். அங்கே கொடுத்த மும்மொழித் துண்டுப்பிரசுரத்தின் தமிழ்ப் பகுதியை எழுதியது நான். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு தாய் எழுந்து நின்று கேட்டார்: “என் மகன் கைபேசியில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறான். மகள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். உங்கள் தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே இருக்கிறது?”

அவர் சொன்னது சரி. நான் இரண்டையும் ‘கணினி விளையாட்டு’ என்றே எழுதியிருந்தேன். அடுத்த வரியிலேயே ‘அடிமையாதல்’ என்று தொடங்கிவிட்டேன். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்று, 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே எச்சரிக்கை தேவைதான். ஆனால் மற்ற வகைக்குப் பெயரே இல்லாதபோது, எச்சரிக்கை முழுவதும் கத்தரிச் செடியின் மேலும் போய் விழுகிறது.

எந்த வகையைச் சொல்கிறேன் என்பதில் ஐயம் வேண்டாம். ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்டார். பாட்டனார் விட்டுப்போன நிலத்தைத் திருத்திப் பயிரிடுவது, மீன் பிடிப்பது, ஊராருடன் பழகுவது, இவ்வளவுதான் அதில் வேலை. அன்பேக்கிங் என்று இன்னொன்று, 2021இல் வந்தது. வீடு மாறிப் போன ஒருத்தியின் பெட்டிகளைப் பிரித்துக் கோப்பைகளையும் புத்தகங்களையும் அலமாரியில் அடுக்குகிறோம். கடிகாரம் துரத்துவதில்லை. ஒரு சிறு தீவில் குடியேறி வாழும் விளையாட்டான அனிமல் கிராசிங்கின் புதிய பதிப்பு 2020 மார்ச் 20 அன்று வெளியானது. அதே நாள் மாலை ஆறு மணிக்குத்தான் இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. உலகில் பலர் அந்த மாதங்களை அந்தச் சிறு தீவில் மரம் நட்டபடி கழித்தார்கள். நாங்கள் வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். என் அக்காவின் மகன் பழைய மடிக்கணினியில் பூசணி விதைத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அப்போது குரல் உயராமல் இருந்த ஒரே ஆள் அவன்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிரித்துவிடுவோம். ‘எளிய விளையாட்டு’ என்று முன்மொழிந்த நண்பர் கேஷுவல் (casual, யாரும் எளிதில் ஆடத்தக்கது) என்பதையும் கோசி என்பதையும் ஒன்றாகக் கொண்டுவிட்டார். கேண்டி கிரஷ் எளியதுதான், யாரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதில் ஐந்து உயிர்கள் மட்டுமே உண்டு. போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். கைக்கு எளியது, மனத்துக்கு அல்ல. 2017இல் புரொஜெக்ட் ஹோர்ஸ்ஷூ என்ற கூடுகையில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் எழுதிய அறிக்கை, கோசி வகைக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: அச்சமின்மை, குறைவின்மை, மென்மை. எளிமை அந்தப் பட்டியலில் இல்லை.

இனி, இந்த இழையில் முன்மொழியப்பட்ட சொற்களைப் பார்ப்போம்.

‘உளவள விளையாட்டு’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். இலங்கையில் உளவளத்துணை என்பது, மன ஆலோசனையைக் (counselling) குறிக்கும் நிலைபெற்ற சொல். பாடசாலைகளில் உளவளத்துணை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உளவள விளையாட்டு என்றால் பெற்றோர் அதைச் சிகிச்சை என்றே எடுத்துக்கொள்வார்கள். கொழும்பில், மனநல மருத்துவமனை இருப்பதால் ‘அங்கொடை’ என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக எறியும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பூசணி நடுகிற பிள்ளைக்கு அந்தச் சுமை எதற்கு? இன்னொரு காரணமும் உண்டு. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2020இல் 3,274 பேரின் உண்மையான விளையாட்டு நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே பெற்று ஆராய்ந்தார்கள். அனிமல் கிராசிங் அதில் ஒன்று. நேரத்துக்கும் நல்வாழ்வுக்கும் சிறிய நேர்த் தொடர்பு தெரிந்தது. 2022இல் ஏறத்தாழ 39,000 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், விளையாடும் நேரத்தால் நல்வாழ்வு மாறுவதாகச் சொல்லத்தக்க சான்று கிடைக்கவில்லை. சான்று இப்படி இருக்கையில், ‘நலம்’ என்ற வாக்குறுதியைப் பெயருக்குள்ளேயே வைப்பது நேர்மையாகாது. கலைச்சொல் பொருளைச் சுட்ட வேண்டும். பலனுக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது.

‘இளைப்பாறல் விளையாட்டு’ தமிழகத்து நண்பரின் சொல். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் எங்கள் பத்திரிகைகளில் ‘இளைப்பாறிய அதிபர்’ என்றால் ஓய்வுபெற்ற பாடசாலைத் தலைமையாசிரியர். இங்கே அந்தப் பெயரைக் கேட்பவர் அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு என்று எண்ணுவார். இரு கரையிலும் ஒரே பொருள் தரும் சொல்லாக ஒன்றையாவது இந்த முறை ஆக்கிவிட முடியாதா என்பது என் ஆசை. பௌதிகவியல், இயற்பியல் என்று பிரிந்து நிற்பவை போதும்.

‘பண்ணை விளையாட்டு’ என்றவருக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. தொல்காப்பியத்தின் உரியியலில் “கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு” என்று ஒரு நூற்பா இருக்கிறது. பண்ணை என்ற சொல்லுக்கே விளையாட்டு என்று பொருள் இருந்திருக்கிறது! இதை மீண்டும் படித்தபோது கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. ஆயினும் இன்றைய காதில் பண்ணை என்றால் கோழியும் மாடும் வயலும்தான். பெட்டி பிரிக்கும் விளையாட்டை அது தழுவாது. பயிரிடும் உள்வகைக்கு அதையே வைத்துக்கொள்வோம், முழுவகைக்கு வேண்டாம்.

அடுத்து ‘கதகதப்பு விளையாட்டு’. இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆங்கிலச் சொல்லுக்கு நேரான மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் பிழை இல்லை. குளிர் நாட்டில் சுகம் என்பது கம்பளியும் கணப்பும். ஏப்ரல் மாதத்தில் கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி நிற்பவரிடம் கதகதப்பு என்று சொல்லிப் பாருங்கள். நமக்குச் சுகம் எதிர்த் திசையில் இருக்கிறது. மனம் குளிர்ந்தது என்கிறோம், வயிறு குளிர்ந்தது என்கிறோம். சினம் ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, களைப்பும் ஆறுகிறது. துயரப்பட்டவருக்கு நாம் சொல்வதும் ஆறுதல்தான். சூடு தணிவதே நம் மொழியில் நிம்மதி.

அங்கிருந்துதான் ‘ஆற அமர’ என்ற வழக்குக்கு வந்தேன். ஆற அமர யோசி, ஆற அமர இருந்து சாப்பிடு என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். அவசரமின்மையும் இருக்கிறது, தணிதலும் இருக்கிறது, ஓரிடத்தில் நிலைகொள்வதும் இருக்கிறது. ஆறு, அமர் என்ற இரு வினையடிகளும் புணர்ந்தால் ஆறமர். ஆறமர் விளையாட்டு, வினைத்தொகையாக நிற்கும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்களைச் “செல்வம் புலனே புணர்வு விளையாட்டு” என்று எண்ணிவிட்டு, “அல்லல் நீத்த உவகை நான்கே” என்று முடிக்கிறது. அல்லல் நீத்த விளையாட்டு என்று நம் முன்னோர் கண்டதைத்தான் ஆறமர் என்ற அடைமொழி இன்றைய பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது என்று நினைக்கிறேன்.

வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். அமர் என்றால் போர், ஆறு என்றால் எண். ‘ஆறு போர்’ என்று படிக்க மாட்டார்களா? போரைக் குறிக்கும் அமர் இன்று இலக்கியத்தில்தான் வாழ்கிறது. ‘அமருங்கள்’ என்பதோ அன்றாடம் காதில் விழுகிறது. சோதித்தும் பார்த்தேன். எதையும் விளக்காமல், ஆறமர் விளையாட்டு என்றால் என்னவாக இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். “அவசரப்படுத்தாத விளையாட்டாக்கும்” என்றார். அவர் இதுவரை ஒரு கணினி விளையாட்டும் ஆடியதில்லை.

துண்டுப்பிரசுரத்தின் அடுத்த பதிப்பில் இப்படி எழுதப்போகிறேன்: “கைபேசி விளையாட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. பிள்ளை ஆடுவது போட்டி விளையாட்டா, ஆறமர் விளையாட்டா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் உறக்கத்தையும் படிப்பையும் விழுங்கினால் கவனியுங்கள்.”

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. இந்தத் தன்மையைக் குறிக்கும் பெயர்ச்சொல் எது? ‘ஆறமர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். கருத்தரங்கின் ஆறாவது அமர்வு போல ஒலிக்கிறது. ‘ஆறமர்தல்’ இலக்கணப்படி சரி, ஆனால் தலைப்பாக வைக்கும்போது கனக்கிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் யாருக்காவது நல்ல வடிவம் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து