குறைந்த செலவில் சமையலறை: கடையில் வாங்குவதா, ஆசாரியிடம் செய்துகொள்வதா?

உறையூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்க 1.5 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அறை 10 அடிக்கு 8 அடி, இரு சுவர்களையும் ஒட்டி ‘எல்’ வடிவ மேடை, அதன்மேல் கருப்பு கிரானைட், கீழே கடப்பைக்கல் தடுப்புகள் உள்ளன, கதவுகள் கிடையா. மேடையை இடித்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு பெட்டிகளும் அக்ரிலிக் கதவுகளும் பொருத்தித் தருவதாக ஒரு மாடுலர் கிச்சன் கடையில் கூறுகிறார்கள். தெரிந்த ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் செய்து லேமினேட் ஒட்டித் தருகிறேன் என்கிறார். சதுர அடி விலை கடையில்தான் குறைவு. ஆனால் மொத்தத் தொகை அங்கேதான் கூடுதலாக வருகிறது. இது எப்படி என்பதும், எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் விளங்கவில்லை.

கல்தச்சன்:
முதலில், மேடையை இடிக்காதீர்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாத கடப்பைக்கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அதே இடத்தில் ஈரம் பட்டால் ஊதிப்போகும் பலகையைக் காசு கொடுத்து வைப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பார்ட்டிகிள் போர்டில் சிங்க்கின் கசிவு வெட்டுமுனை வழியாக உள்ளே இறங்கினால் மரத்தூள் உப்பும். திருகாணிப் பிடி தளரும். கீலோடு கதவு கழன்றுவிடும். இருக்கும் கற்களின் முகப்பில் அலுமினியச் சட்டமோ டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) சட்டமோ பொருத்திக் கதவு மட்டும் போட்டுக்கொண்டால், பெட்டிகளுக்கான செலவு முழுவதும் மிஞ்சும். ஒரு சங்கடம் மட்டும் உண்டு: கல் தடுப்புகள் பெரும்பாலும் மட்டமாக நிற்பதில்லை, ஆகவே இழுப்பறை ஓடும் சேனலை நேரே கல்லில் பூட்டினால் சிக்கிக்கொண்டே இருக்கும். இழுப்பறை வேண்டிய ஒரு தடுப்பில் மட்டும் பிளைவுட் பெட்டி ஒன்றைச் செய்து உள்ளே நுழைத்துவிடச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
நான் தச்சுத்தொழில் செய்பவன். அளவுக் கணக்கைச் சொல்கிறேன் ஐயா. கடையில் 10 அடிச் சுவரையும் 8 அடிச் சுவரையும் கூட்டி 18 அடி என்று எடுத்து, தரையிலிருந்து மேடை வரை 33 அங்குல உயரத்தால் பெருக்கியிருப்பார்கள், அது 49.5 சதுர அடி. ஆனால் மேடையின் அகலம் 2 அடி என்பதால், மூலையில் இரு பக்கமும் 2 அடி கழிந்து முகப்பு 14 அடிதான் வரும். கல்லின் தடிமனும் தரையோரப் பட்டையும் போகக் கதவின் உயரம் 28 அங்குலம் என்று கொண்டால், மொத்தம் 33 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. பெட்டியும் சேர்த்துச் செய்தால் மூலைக்கும் பலகை செலவாகும் என்பது உண்மையே. கதவு மட்டும் போடுபவர் அந்த இடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. விலையைப் பேசுவதற்கு முன் எதை அளக்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசாரியிடம் கொடுப்பதானால், சிங்க்கை ஒட்டிய கதவுகளுக்கு ஐ.எஸ். 710 (தண்ணீரைத் தாங்கும் வகை) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட்டை நீங்களே கடைக்குப் போய் ரசீதோடு வாங்குங்கள். பரணுக்கும் மற்ற உலர்ந்த இடங்களுக்கும் ஐ.எஸ். 303 என்ற பொது உபயோக வகையே போதும். கதவின் உட்புறத்திலும் மெல்லிய லேமினேட் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். கீலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுப்படி அனுபவம்:
இருவரும் மரத்தைப் பற்றியே பேசிவிட்டீர்கள். சிலிண்டர் நிற்கும் தடுப்பின் அடியில் பலகை வேண்டாம். நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும், அதைத் தூக்கி வைப்பதும் தொல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும் என்பதால், அந்தக் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். கதவே போடாமல் விட்டாலும் குறையில்லை என்பது என் கருத்து. கிரைண்டரை மேடையிலேயே நிரந்தரமாக வையுங்கள். உள்ளே வைத்தால் மாவரைக்கும் நாளெல்லாம் அதைத் தூக்கி இறக்க நேரும். மின்சார வேலையை ஆசாரி வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக் தனித்தனியே வேண்டும். புகைபோக்கி வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் குழாய் குறைந்த வளைவுகளோடு வெளிச்சுவரை அடையும் இடத்தையும் இப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது.

உறையூர்வாசி:
மிக்க நன்றி. மேடையை இடிப்பதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மாவுக்கும் அதில்தான் திருப்தி. பாத்திரங்களுக்கு இழுத்து வெளியே எடுக்கும் எவர்சில்வர் கூடைகள் இரண்டு கேட்கிறார்கள். 304 தரம் என்று கூறி விற்பதைக் காந்தம் வைத்துப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாமா?

உளிச்சத்தம்:
முடியாது ஐயா. 304-ஐப் போலவே மலிவான 202-உம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை உங்களுக்கு எதையும் காட்டித்தராது. தரத்தை ரசீதில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். கம்பியின் தடிமனையும், பற்றவைத்த இடங்கள் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் கையால் தடவிப் பாருங்கள்; துரு முதலில் பிடிப்பது அந்த மூட்டுகளில்தான். கூடைகளை வாங்கி வைத்துவிட்டு, அவற்றின் அளவுக்கு ஏற்பவே பிளைவுட் பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள். பெட்டியை முடித்துவிட்டுக் கூடை தேடினால் அளவு அமைவது அரிது.