புதுப்பிப்பு: சேலத்தில் வேலை கிடைக்க எந்த ஐடிஐ பிரிவு?

பத்தாவது முடித்த தம்பி எந்த ஐடிஐ பிரிவில் சேர்ந்தால் சேலத்திலேயே வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஆள் தேடுபவர்களைப் பாருங்கள்" என்ற யோசனைதான். தமிழ்நாடு தனியார் வேலை இணையதளத்தில் சேலம் மாவட்ட விளம்பரங்களை மட்டும் பார்த்துக் குறித்தோம். அப்புறம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாமில் நிறுவனத்தாரிடமே விசாரித்தோம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்துபவர்) வேலைகளுக்குத்தான் அதிகம் ஆள் தேடினார்கள். உருக்காலைப் பக்கம் மட்டுமே தேவை இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் எலக்ட்ரீஷியன் கேட்டது எதிர்பாராதது.

ஒன்று கவனியுங்கள்: ஒரே நிறுவனத்தின் விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஆள் நிற்பதில்லை என்றும் அர்த்தமாக இருக்கலாம். பல நிறுவனங்கள் ஒரே வேலைக்குக் கேட்டால்தான் கணக்கு.

தம்பி எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்துவிட்டான். 2 வருடப் படிப்பு.