சர்க்கரைக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் இருக்கும்போது பொது மருத்துவர் எதற்கு?

கேள்வி: அல்லிக்கொடி

சர்க்கரை, பிரஷர், முட்டி வலி மூன்றும் உள்ள 60 வயதுக்காரர் ஒருவர் மூன்று ஸ்பெஷலிஸ்ட்டிடமும் ஒழுங்காகப் போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இதற்கு மேல் குடும்ப டாக்டர் என்று ஒருவர் தேவையா? அவரிடம் போனாலும் கடைசியில் ஸ்பெஷலிஸ்ட்டிடம்தானே அனுப்புவார், அந்த ஒரு நடை மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சளி, காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதைத் தவிர அவர் செய்யும் வேலை என்ன? அவரிடம் போகும்போது எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: முதல்படி

நீங்கள் சொன்ன அதே மூன்று நோயை வைத்தே பார்க்கலாம்.

பிரஷருக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். 5 மி.கி. போதாமல் 10 மி.கி. ஆகிறது. சில வாரங்களில் கணுக்கால் வீங்குகிறது. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் அச்சு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. உடம்பில் நீர் மிஞ்சியதால் வரும் வீக்கம் அல்ல. சிறு இரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் வெளியே கசிவதால் வருவது. இது தெரியாமல் வேறொரு இடத்தில் காலை மட்டும் காட்டினால் நீர் பிரியும் மாத்திரை எழுதுவார்கள். அதில் வீக்கம் பெரிதாகக் குறையாது, ஆனால் யூரிக் அமிலம் ஏறும். கால் பெருவிரல் சிவந்து வலிக்க ஆரம்பிக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக் வரும். அது பிரஷரை ஏற்றும். பிரஷர் ஏறியதும் பிரஷர் மாத்திரையைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் தப்பே தெரியாது. எல்லாச் சீட்டையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பவருக்குத்தான் எல்லாம் அம்லோடிபினில் தொடங்கியது என்று புரியும். டோஸைக் குறைத்தாலோ மாத்திரையை மாற்றினாலோ அத்தனையும் தீரும்.

இதைவிட ஆபத்தான சேர்க்கை ஒன்று உண்டு. பெயர் ‘பிரில்’ அல்லது ‘சார்டன்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாக ஓடுவது. வலி மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்கு வரும் குழாயைச் சுருக்குகிறது. பிரஷர் மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை இரத்த அளவையே குறைக்கிறது. வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் மூன்று பக்கமும் விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இரண்டு நாள் வாந்தி, பேதி வந்தால் போதும், சிறுநீரகம் திடீரென்று முடங்கலாம். முட்டி வலிக்குப் பெரும்பாலும் தொடைத் தசைப் பயிற்சியும் மேலே தடவும் வலி ஜெல்லுமே முதல் மருந்து. வயிற்றுக்குள் போகும் வலி மாத்திரை அதற்குப் பிறகுதான். யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஓடுகிற எல்லாவற்றையும் ஒருவரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பதில் 2: ஆய்வுக்கூடம்

முதல்படி சொன்னதோடு ரிப்போர்ட் பக்கமிருந்தும் ஒன்று சேர்க்கிறேன்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.2 என்று வந்தால் பல லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ கட்டத்துக்குள்ளேயே இருக்கும். ஆனால் அதே ஆளுக்கு முன்பு 0.8 இருந்திருந்தால்? 60 வயது ஆணுக்கு 0.8 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 மி.லி., 1.2 என்றால் சுமார் 69. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடத் தடித்திருக்காது. ஹீமோகுளோபினும் அப்படித்தான். 15 இருந்த ஆணுக்கு 13.2 ஆனால் கட்டத்துக்குள்தான், ஆனாலும் குடலில் எங்காவது மெதுவாக இரத்தம் கசிகிறதா என்று கேட்க வேண்டிய இறக்கம் அது. பழைய எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ‘முழு உடல் பரிசோதனை’. நார்மல் எல்லை என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும்படி வரைந்த கோடு. அப்படியென்றால் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் நோயே இல்லாத 5 விழுக்காட்டினர் வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட்டை ஒரேயடியாகச் செய்தால், நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் ஒன்றாவது ‘அப்நார்மல்’ என்று வர 64 விழுக்காடு வாய்ப்பு. அந்த ஒரு சிவப்பு எழுத்துக்காக ஸ்கேன், ஸ்கேனில் தெரிந்த ஒரு புள்ளிக்காக ஊசியால் சதை எடுத்துச் சோதனை, வாரக்கணக்கில் தூக்கமில்லாமை. வயது, குடும்ப வரலாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றைத் தெரிந்தவர் ‘உங்களுக்கு இந்த நாலு டெஸ்ட் போதும்’ என்று சொல்வது கஞ்சத்தனம் அல்ல.

பதில் 3: கைப்பட்டை

பிரஷர் அளவு தப்பாக எடுக்கப்பட்டதாலேயே மாத்திரை கூடிப்போனவர்கள் ஏராளம். எடுக்கும் முறை:

அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது. 5 நிமிடம் பேசாமல் இருங்கள். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வையுங்கள். தொங்கவிட்டால் எண் கூடும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரை மெஷின் காட்டும், ஆகவே கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டை வாங்குங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

காலையும் மாலையும் இப்படி 7 நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் போடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 என்றால், கிளினிக்கில் 140/90க்குச் சமம். டாக்டரைக் கண்டதும் மட்டும் ஏறுபவர்களையும், அங்கே நன்றாக இருந்து வீட்டில் ஏறுபவர்களையும் இந்த ஒரு தாள் பிரித்துக் காட்டிவிடும். குறிப்பாக இரண்டாம் வகையினர் கிளினிக் அளவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் நோய் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள், அதுதான் கவலை.

அல்லிக்கொடி

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ‘கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று டாக்டர் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? அவரைத் தாண்டி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

பதில் 4: முதல்படி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும், ஒரு பக்க முகம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், மூச்சு முட்டல், நிற்காத இரத்தம், நினைவு தப்புதல், இடி விழுந்தாற்போலத் திடீரென்று வரும் தலைவலி: இதற்கெல்லாம் குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடுங்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது அதுதான்.

‘பார்ப்போம்’ என்பதில் இரண்டு வகை உண்டு. எத்தனை நாள், எதைக் கவனிக்க வேண்டும், என்ன ஆனால் உடனே வரவேண்டும் என்று மூன்றையும் சொன்னால் அதுவும் சிகிச்சைதான். சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலியைப் பாருங்கள். பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகக் குறையும், அதனால் முதல் 6 வாரம் ஸ்கேன் பொதுவாகத் தேவையில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் முதுகெலும்புத் தட்டு விலகல் தெரியும்; அதைப் பார்த்துப் பயந்து அசையாமல் படுத்தால்தான் வலி நீடிக்கும். ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது அடக்க முடியாமல் போனால், இரு தொடைக்கும் நடுவே மரத்துப்போனால், கால் பலமிழந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோ, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறோ சேர்ந்தாலும் 6 வாரக் கணக்கு பொருந்தாது.

சளிக்குப் பின் வரும் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். சளி மஞ்சளானதும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. நிறத்தை வைத்து மட்டும் கிருமி எதுவென்று சொல்ல முடியாது. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் அதைப் ‘பார்ப்போம்’ என்று விடக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரைக் கிலோதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே பொது மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களைவிட, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேருவதும் இறப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காரணம் அது மட்டும்தான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் வருடா வருடம் டாக்டரை மாற்றுவதற்கு முன் யோசிக்க வைக்கும் எண்.

பதில் 5: மாத்திரை டப்பா

எதைக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். பட்டியல் எழுத வேண்டாம், எழுதும்போது விட்டுப்போகும். வீட்டில் இருக்கும் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போடுங்கள்: அட்டை, பாட்டில், கண் சொட்டு மருந்து, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, தூக்கம் வராத அன்றைக்கு மட்டும் போடுவது, அடுத்தவர் கொடுத்தது உட்பட. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல வருடமாக ஓடினால் வைட்டமின் பி12 குறையலாம். உள்ளங்கால் மரத்தால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டாலும், அரை மணி கழித்துக் கால்சியமோ இரும்புச்சத்தோ போட்டால் அது உடம்பில் சரியாக ஏறாது. நாலு மணி இடைவெளி வேண்டும். இது தெரியாமல் தைராய்டு டோஸ் ஏறிக்கொண்டே போகும்.

உள்ளே போனதும் முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். பலர் எல்லாம் பேசிவிட்டு, எழுந்து கதவைத் திறக்கும்போதுதான் ‘அப்புறம் டாக்டர், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குது’ என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பினால், ஒரு வாரத்துக்குள் டிஸ்சார்ஜ் தாளையும் அதே பையையும் எடுத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் போய்விடுங்கள். அதிகம் நடக்கும் தப்பு அந்த வாரத்தில்தான்: ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் வீட்டில் ஏற்கெனவே இருந்ததும் ஒரே மருந்தாக, வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அட்டையில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.