மறு: ஆட்டாப்சிக்குத் தமிழ்: ‘கூறு’ வேண்டாமே

அன்பர்களே,

இறந்தவரின் உடலைத் திறந்து காரணம் தேடும் ‘ஆட்டாப்சி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘உடற்கூறாய்வு’ பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. இனி எதற்குப் புதுச்சொல்?

திருவாரூர் நண்பர் கேட்டது நியாயம்தான். ஆனால் நிலைத்த அந்த ஒரு சொல் இரண்டு ஆட்களின் வேலையைச் செய்கிறது. சந்தேக மரணத்தில் காவல்துறை எழுதிக் கேட்டு நடப்பது ஒன்று. அதற்கு உறவினர் சம்மதம் தேவையில்லை. நோயால் இறந்தவரின் உடலைக் குடும்பத்தார் சம்மதத்தோடு மருத்துவர்கள் திறந்து பார்ப்பது இன்னொன்று. போதாக்குறைக்கு, மாணவர்கள் தானமாக வந்த உடலை அறுத்துப் படிக்கும் பாடத்துக்கும் உடற்கூறியல் என்றே பெயர்.

என் பெரியப்பா ஒரு மருத்துவமனையில் காய்ச்சலோடு மூன்று வாரம் கிடந்து இறந்தார். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை பிடிபடவில்லை. இளம் மருத்துவர் ஒருவர் தயங்கித் தயங்கி, “உடற்கூறாய்வு செய்து பார்க்கலாமா?” என்றார். சித்தி உடனே, “ஏன், போலீஸ் கேஸா?” என்றார். வாசலில் நின்ற உறவுக்காரர், “கூறு போட்டா தருவாங்க?” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் கும்பகோணம் பக்கம் கூறு என்றால் சந்தையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் கத்தரிக்காயும் பொடிமீனும்தான். அந்தச் சொல்லைச் சாவு வீட்டில் கொண்டுபோய் வைத்தால் யார் சம்மதிப்பார்கள்?

சட்டம் சார்ந்த ஆய்வுக்கு ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை, அதன் பயன் கண்ணெதிரே இருக்கிறது. அறுவடைக் காலத்தில் களத்தில் தரையில் படுத்தவர் சிலர் விடியலில் எழுவதில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல்தடம் கண்ணில் படாமலே போகலாம். கொள்ளிடத்தில் மிதந்த உடல் என்றால், நீரில் விழும்போது உயிர் இருந்ததா என்பது முதல் கேள்வி. மூச்சோடு உள்ளே போன ஆற்றுநீரின் டயாட்டம் என்ற நுண்பாசி ரத்த ஓட்டத்தில் எலும்பு மஜ்ஜை வரை சென்றிருந்தால் அது ஒரு துணைச் சான்று. இதற்குச் ‘சட்ட உடலாய்வு’ போதும். ‘பிரேத விசாரணை’ வேறு, அது காவல்துறையோ மாஜிஸ்திரேட்டோ நடத்துவது. செய்திகளில் இரண்டையும் குழப்புகிறார்கள்.

சிக்கல் நோயால் இறந்தவருக்குச் செய்யும் மற்றதில்தான். மருத்துவர் தன் கணிப்பு சரியா என்று தெரிந்துகொள்ள அதைவிட நேர்மையான வழி கிடையாது. 1912-இல் பாஸ்டனில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் 3000 உடல்களின் ஆய்வு முடிவுகளை, அவர்கள் உயிரோடு இருந்தபோது எழுதிய நோய்க்கணிப்போடு ஒப்பிட்டு, தவறிய இடங்களை அச்சிலேயே வெளியிட்டார். கொரோனா வந்தபோது நுரையீரலின் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்திருந்ததைத் தெளிவாகக் காட்டியதும் இறந்தவர்களின் உடல்கள்தான். இவையெல்லாம் வகுப்பறைக்கு வரவேண்டுமானால் குடும்பத்தார் தலையசைக்க வேண்டும்.

> மூலச்சொல்லுக்குத் ‘தன் கண்ணால் காணல்’ என்று பொருள். ‘தற்காண்பு’ எனலாமே?

கிரேக்கத்துக்கு நேர்மையான சொல். சித்திக்கு விளங்காது. அப்புறம் அது தற்கொலைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒலிக்கிறது!

என் பரிந்துரை: ‘நோய்முதல் உடலாய்வு’. நோய்நாடி நோய்முதல் நாடி என்று குறள் சொல்லும் அதே முதல், அதாவது காரணம். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் மோர்கானி, எண்பதை நெருங்கும் வயதில் 1761-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே நோய்களின் இருப்பிடமும் காரணமும் பற்றியதுதான். நோய் உடலில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது, திறந்தால் பார்க்கலாம் என்று நிறுவிய நூல் அது.

‘நோய்முதல்’ என்றால் முதல் நோய் என்று படித்துவிடுவார்கள் என்று தஞ்சைத் தோழர் பயப்படுகிறார். “முதலுக்கே மோசம்” என்று பேசுகிற ஊரில் அந்தப் பயம் எனக்கில்லை. ‘நோயறி உடலாய்வு’ என்றாலும் சண்டை போட மாட்டேன். கூறும் பிரேதமும் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, சொல்லைப் புழங்கிப் பார்க்க ஒப்புதல் படிவத்துக்கு ஒரு வரி எழுதினேன்: “இவருக்கு வந்த நோயின் காரணம் அறிய, எங்கள் சம்மதத்தோடு நோய்முதல் உடலாய்வு செய்யலாம்; இதில் காவல்துறைக்குத் தொடர்பில்லை.” நேற்று சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். கேஸ் என்ற பேச்சே எடுக்கவில்லை. “தையல் போட்டு, குளிப்பாட்டத் தோதாத் தருவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

தருவார்கள். அதையும் அந்த வரியில் சேர்த்துவிட்டேன்.