இரவு ஷிஃப்டில் அடிக்கடி பாத்ரூம்: இனத்துக்கு இனம் மாறுமா?

குயின்சி சேகர்:
பாஸ்டன் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். குழுவில் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்: டொமினிகன் ஒருவர், கறுப்பினத்தவர் இருவர், ஐரிஷ் வழி வந்த வெள்ளைக்காரர் ஒருவர். எல்லோரும் அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடுகிறோம். டாக்டரிடம் போனது ஐரிஷ்காரர் மட்டும். மற்றவர்களுக்குத் தொந்தரவு குறைவா, இல்லை வாய் திறப்பதில்லையா?

நர்ஸ் மீனா:
சேகர் அண்ணா, உங்கள் ஊரிலேயே 2002 முதல் 2005 வரை இதை ஆராய்ந்தார்கள். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் (உங்கள் டொமினிகன் நண்பர் மாதிரி ஸ்பானிஷ் மொழி வழியினர்), வெள்ளையர் என 30 முதல் 79 வயதுவரை, பெண்களும் சேர்த்து 5,503 பேர். தொந்தரவு வயதோடு ஏறியது. இனத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டரிடம் போவதற்குத்தான் இன்ஷூரன்ஸ், லீவு, மொழி எல்லாம் குறுக்கே நிற்கும். ஆனால் அமெரிக்காவில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயால் இறக்கும் விகிதம் கறுப்பின ஆண்களிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இருவரும் தள்ளிப்போடக் கூடாது.

பழைய வாத்தியார்:
தம்பி, டாக்டரிடம் போனபோது, சிறுநீர்த் தொந்தரவு எவ்வளவு என்று பார்க்க எனக்கு ஏழு கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார்கள். மொத்தம் 35 மார்க், எட்டு வந்தாலே நடுத்தரத் தொந்தரவாம். மார்க் குறைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே பரீட்சை! இப்போது சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின் என்ற மருந்து சாப்பிடுகிறேன். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அவ்வளவுதான்.

குயின்சி சேகர்:
சரி சார். டொமினிகன் நண்பருக்கு அந்தத் தாள் ஸ்பானிஷில் கிடைக்குமா?

நர்ஸ் மீனா:
கிடைக்கும். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், காசு கிடையாது. சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ மட்டும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே போகச் சொல்லுங்கள்.