ஹெச் அண்ட் ஆர் 929, பழைய .22 ரிவால்வர்: வெடிக்காத தோட்டா, தெறிக்கும் ஈயம், துரு. எதில் தொடங்கலாம்?

ஒன்பதறை (ஒஹாயோ) – கேள்வி

வணக்கம் நண்பர்களே. கடையில் பின்னணிச் சோதனை முடித்து முறைப்படி வாங்கிய பழைய ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 929 சைட்கிக். .22 லாங் ரைஃபிள், ஒன்பது தோட்டா, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். விலை மலிவு. முந்தைய உரிமையாளர் பல வருடம் எண்ணெய் காட்டாமல் வைத்திருந்தது பார்த்தாலே தெரிகிறது.

ஒன்பதில் இரண்டு மூன்று தோட்டா முதல் அடியில் வெடிப்பதில்லை. அதையே மறுபடி அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடுகிறது. சுடும்போது பக்கவாட்டில் ஈயத்துணுக்கு தெறிக்கிறது. சில அறைகளில் காலி கேஸ் இறுகிக்கொண்டு வர மறுக்கிறது. பேரலிலும் ட்ரிகர் கார்டிலும் பழுப்புத் துரு. கிரிப் ஸ்குரூவின் தலை சிதைந்து கிடக்கிறது.

கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்தால் வாங்கிய விலையைக் கூலியே தாண்டிவிடும். வீட்டில் எதுவரை செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

ஃபீலர்கேஜ்

மறு அடியில் வெடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்புக்குள் வளையமாக இருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சிலிண்டரின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். தோட்டா முழுசாக உள்ளே போய் உட்காராமல் மயிரிழை வெளியே நின்றால், முதல் அடியின் வேகமெல்லாம் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது அடி விழும்போது அது உட்கார்ந்துவிட்டிருக்கும், அதனால் வெடிக்கும். ஆகவே எல்லாரும் முதலில் சந்தேகப்படுகிற மெயின் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அறைகளைப் பாருங்கள்.

மார்க்கர் பேனாவால் சிலிண்டரின் வெளிப்பக்கம் 1 முதல் 9 வரை எண் போடுங்கள். எந்த எண்ணில் வெடிக்கவில்லை என்று சில சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அதே அறை என்றால் கோளாறு அறையில். எண் மாறிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங், ஃபயரிங் பின் அல்லது தோட்டா. "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டால் உடனே திறக்காதீர்கள். பேரலை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடி பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

வெடிக்காத தோட்டாவின் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தழும்பு மேலோட்டமாக இருந்தால் அடியில் பலமில்லை, அல்லது தோட்டா உட்காரவில்லை. ஆழமாகப் பதிந்தும் வெடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் கலவையே இல்லை, தோட்டாதான் குற்றவாளி. தழும்பு விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால் பின் நுனி தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் சிலிண்டர் நேராக நிற்கவில்லை.

அடுத்து சிலிண்டரின் பின்முகம். காலித் துப்பாக்கியை யாராவது விசைத்துக்கொண்டே இருந்திருந்தால், நடுவில் தோட்டா விளிம்பு இல்லாமல் பின் நேராக அறையின் ஓரத்தில் அடித்திருக்கும். அங்கே ஒரு பள்ளம் விழும். பள்ளத்திலிருந்து பிதுங்கிய உலோகம் அறைக்குள் சின்ன மேடாக நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டா உட்காராததும் காலி கேஸ் இறுகுவதும் பல நேரம் இந்த ஒரே மேட்டால்தான்.

அதை அரத்தால் ராவி எடுக்காதீர்கள். உலோகம் போனால் விளிம்புக்குத் தாங்கல் போய்விடும், பின் அடிக்கும்போது அழுத்திப் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. இதற்கென்றே .22 சேம்பர் ஐயனிங் டூல் விற்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அறைக்குள் செருகி, அழுத்திச் சுற்றினால் பிதுங்கிய உலோகம் வந்த வழியே பள்ளத்துக்குத் திரும்பிப் போகும். அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, தோட்டாவோ காலி கேஸோ தன் எடையிலேயே உள்ளே விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். தோட்டாவை வைத்துப் பார்ப்பதானால் சிலிண்டர் திறந்தபடியே இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் கரி வளையத்தை எடுத்துவிடுங்கள். .22 ஷார்ட் தோட்டாவின் கேஸ் 0.42 அங்குலம், லாங் ரைஃபிளுடையது 0.61. ஷார்ட் நிறையச் சுட்ட துப்பாக்கியில் அந்த இடைவெளியில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கும். லாங் ரைஃபிள் தோட்டா அதில் முட்டி நிற்கும். ஹாப்பீஸ் 9 (துப்பாக்கி சுத்தம் செய்யும் சால்வென்ட்) ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு, .22 வெண்கல பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் ஓட்டினால் வந்துவிடும்.

ரேட்செட் (டெக்சஸ்)

ஈயம் தெறிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி அதிகம், அறை பேரலோடு நேராக நிற்கவில்லை, அல்லது ஃபோர்ஸிங் கோனில் (பேரலின் பின்முனையில் தோட்டா நுழையும் கூம்பு வாய்) ஈயம் அப்பியிருக்கிறது. பார்க்கும் வரிசையும் இதுதான்.

துப்பாக்கி காலி என்று பார்த்துக்கொண்டு, சிலிண்டரை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகட்டை நுழைத்துப் பாருங்கள். பிறகு முன்னுக்குத் தள்ளி இன்னொரு முறை. முதல் அளவு 0.004-லிருந்து 0.008 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. 0.010-ஐத் தாண்டினால் தெறிக்கும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். அது அதிகமானாலும் ஃபயரிங் பின்னின் அடி வீணாகும், ஃபீலர்கேஜ் சார் சொன்ன வெடிக்காத பிரச்சினையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

டைமிங் (ஹேமரோடு சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டுகிறதா என்பது) பார்க்க: சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக உரசினாற்போல் வைத்து, ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுசாக நிற்பதற்கு முன்போ, நிற்கும் அதே நேரத்திலோ ஸ்டாப் என்னும் தடுப்பு சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்பது அறைக்கும் பாருங்கள், ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுத்தும் பாருங்கள். எல்லா அறையும் பின்தங்கினால் சிலிண்டரைத் தள்ளும் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கினால் ரேட்செட்டின் (சிலிண்டரின் பின்னாலுள்ள பல்சக்கரம்) அந்தப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. பூட்டாமல் தாண்டி ஓடினால் ஸ்டாப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருக்கும்.

புது ஹேண்ட் பெரும்பாலும் கொஞ்சம் நீளமாகவே வரும். அதன் தலையை நயமான கல்லில் ஓரிரு இழுப்பு தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்க்க வேண்டும். ரேட்செட்டில் கை வைக்கவே கூடாது. ஹேண்ட் கெட்டால் ஒரு சின்ன பாகம் போச்சு. ரேட்செட் கெட்டால் ஒன்பது அறையின் டைமிங்கும் போச்சு.

தொடக்கூடாத இடம் கேட்டீர்களே, அது ஹேமரும் ட்ரிகரும் கவ்வும் முனைகள்தான். ட்ரிகரை லேசாக்கப் போகிறேன் என்று அதைத் தேய்ப்பவர்கள் உண்டு. கடினப்படுத்திய மேல்தோல் மிக மெல்லியது. அது போனால் அடியில் மெத்தென்ற இரும்பு, சீக்கிரமே வழுக்கத் தொடங்கும். இப்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள்: காலித் துப்பாக்கியில் ஹேமரை ஏற்றி, ட்ரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கம் அழுத்துங்கள். விழுந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது கன்ஸ்மித் வேலை, கூலி எவ்வளவானாலும்.

ஒன்பதறை

இருவருக்கும் நன்றி. பார்த்ததில் வெடிக்காதவை எப்போதும் 3, 7 ஆகிய அறைகள். இரண்டிலும் ஓரத்தில் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. இடைவெளி பின்னுக்குத் தள்ளினால் 0.007, முன்னுக்குத் தள்ளினால் 0.005. ஒன்பது அறையும் பூட்டுகின்றன. ஹேமர் தள்ளினால் விழவில்லை. சிலிண்டரைச் சுற்றும்போது மட்டும் சில இடங்களில் கனக்கிறது.

ரேட்செட் (டெக்சஸ்)

அளவுகள் நன்றாக இருக்கின்றன, முன்பின் ஆட்டம் 0.002 ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் தெறிப்புக்குக் காரணம் ஃபோர்ஸிங் கோன். விளக்கு அடித்துப் பாருங்கள், ஓரம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் ஈயம்தான். பழைய வெண்கல பிரஷ்ஷில் செம்புச் சுருள் இழைகளைச் சுற்றி, சால்வென்ட் தொட்டுத் தேய்த்தால் தகடு தகடாக வரும். பாத்திரம் தேய்க்கக் கிடைக்கும் சுருளை வாங்கினால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, பேரலைக் கீறிவிடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈயத்தூள் விரலில் ஒட்டிச் சாப்பாட்டோடு உள்ளே போகும்.

சிலிண்டர் கனப்பதற்கு முதலில் எஜெக்டர் நட்சத்திரத்தை (காலி கேஸை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) தூக்கி அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் நாலைந்து அங்கே மாட்டிக்கொண்டாலே நட்சத்திரம் தூக்கிக்கொண்டு நிற்கும், சிலிண்டர் பின்பக்கம் உரசும். பல் தேய்க்கும் பழைய பிரஷ் போதும். அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்காதீர்கள், துகளை அதுவே பிடித்து வைக்கும். சுத்தம் செய்த பிறகும் கனத்தால், சிலிண்டரைத் திறந்து சுழற்றி எஜெக்டர் ராடின் நுனி வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். ராடு வளைந்திருக்கலாம்.

கருநீலம்

துருவுக்கு வருகிறேன். கடைகளில் விற்கும் துரு நீக்கும் திரவத்தில் முக்கினால் துருவோடு மிச்சமிருக்கும் நீலமும் (இரும்புக்கு ஏற்றிய கருநீல நிறம்) போய்விடும். அந்த நீலமே இரும்பு ஆக்சைடுதான், திரவத்துக்கு இரண்டும் ஒன்று. நல்ல நீலம் நிறைய மிச்சமிருந்தால் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, 0000 ஸ்டீல் வுல்லால் அழுத்தாமல் தேயுங்கள். பழுப்பு நிறம் எண்ணெயோடு வந்துவிடும்.

பேரல் முழுவதும் சீராகச் சிவந்திருந்தால் வேறு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. பேரலோடு சேர்ந்த ஃப்ரேமை எல்லாப் பாகங்களும் கழற்றி, அசிட்டோனால் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். சிவப்புத் துரு கண்முன்னே கறுப்பாக மாறும். எடுத்து, காய்ந்ததும் எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வுல்லால் மேலே நிற்கும் கறுப்புப் பொடியைத் துடைத்தால் அடியில் வெல்வெட் மாதிரி கருநிறம் நிற்கும். தேவைப்பட்டால் மறுபடி. கடைசியில் எண்ணெயில் நனைத்து ஒரு இரவு வையுங்கள். குழாய் நீர் வேண்டாம், உப்புத் திட்டு விழும். அந்தப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பப் போகக் கூடாது.

வெறும் இரும்பு தெரியும் சின்ன இடங்களுக்கு கோல்டு ப்ளூ (தொட்டியில் கொதிக்க வைக்காமல் கையால் பூசும் நீலத் திரவம்) போதும். பாகத்தை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து பூசினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மெல்லிய பூச்சு, ஹோல்ஸ்டர் உரசும் இடத்தில் நிற்காது.

எது செய்வதற்கு முன்னும் எல்லாப் பாகத்திலும் காந்தம் வையுங்கள். ஒட்டாதது அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. கோல்டு ப்ளூ அதில் பிடிக்காது. காஸ்டிக் உப்பில் செய்யும் ஹாட் ப்ளூயிங் தொட்டிக்கு அதை அனுப்பினால் பாகமே கரைந்துபோகும். நிக்கல் பூசிய மாடல் வைத்திருப்பவர்கள் அம்மோனியா கலந்த சால்வென்டை ஊறவிடாதீர்கள். பூச்சில் ஒரு கீறல் இருந்தாலும் அது உள்ளே போய் அடியிலுள்ள செம்பைத் தின்னும், நிக்கல் உரிந்துவரும்.

சீரியல் எண் இருக்கும் இடத்தில் பாலிஷ் சக்கரம் வேண்டவே வேண்டாம். எண் மங்கினால் அது அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி குற்றத்தில் போய் முடியும்.

ஃபீலர்கேஜ்

கருநீலம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன்: அசிட்டோன் எடுப்பதற்கு முன் கிரிப்பைக் கழற்றித் தூர வையுங்கள். பிளாஸ்டிக் கிரிப்பில் ஒரு துளி பட்டாலும் இளகிவிடும்.

அந்தச் சிதைந்த ஸ்குரூவுக்கு: வீட்டு ஸ்குரூடிரைவரின் நுனி ஆப்பு வடிவம், பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டும்தான் பிடிக்கும், அதனால்தான் தலை சிதைகிறது. பக்கங்கள் இணையாக இருக்கும் ஹாலோ கிரவுண்ட் பிட் வாங்குங்கள், பள்ளத்தின் அகலமும் தடிப்பும் நிறைய வேண்டும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்து, சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்குரூ தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டுத் திருப்புங்கள். பக்கத்தில் கிரிப் பிளாஸ்டிக் என்றால் சூடு வேண்டாம், எண்ணெயும் பொறுமையும்தான்.

பாகங்களுக்கு: பழைய ஹெச் அண்ட் ஆர் கம்பெனி 1986-இல் மூடப்பட்டது. நம்ரிச் மாதிரி பழைய பாகம் விற்பவர்களிடம் தேட வேண்டும். சீரியல் எண்ணின் முன்னெழுத்தைச் சொல்லிக் கேளுங்கள், ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு காலத்துப் பாகங்கள் மாறியிருக்கும். பழைய காயில் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மாட்டும் வழக்கம் வேண்டாம். கொஞ்ச நாளில் பழையபடி சுருங்கிவிடும்.

ஒன்பதறை

ஐயனிங் டூல் ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். சரிசெய்த பிறகு விசைத்துப் பழக என்ன செய்வது? .22-க்கு ஸ்னாப் கேப் (பழகுவதற்கான போலித் தோட்டா) சீக்கிரம் நசுங்கிவிடுகிறதே.

ரேட்செட் (டெக்சஸ்)

ஹார்டுவேர் கடையில் சுவர் ஸ்குரூவுக்கு விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர், 4-6 எண், 7/8 அங்குலம். .22 அறையில் சரியாக உட்காரும், நூறு கிடைக்கும் பை சில டாலர்தான். விளிம்பில் பின் அடித்த இடம் நைந்ததும் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். நிறமும் தோட்டாவோடு குழம்பாது.

தோட்டா வாங்கும்போது அதிவேக ரகம் வேண்டாம். வினாடிக்கு 1070 அடி அளவில் வரும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஈயத் தோட்டா இதற்குப் போதும். இன்னொன்று: ட்ரிகரை இழுக்கும்போது ஹேமருக்கும் ஃபயரிங் பின்னுக்கும் நடுவே ஒரு தட்டைப் பட்டை மேலேறி வருகிறதா என்று பாருங்கள். அது டிரான்ஸ்ஃபர் பார். உங்களுடையதில் அது இல்லையென்றால் ஹேமர் உட்காரும் அறையைக் காலியாக வைத்து எட்டு தோட்டா மட்டும் போடுங்கள். கீழே விழுந்தால் ஹேமர் நேராகப் பின்னில்தான் இடிக்கும்.

கருநீலம்

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். மேலே சொன்ன எதையும் வீட்டில் முயலாமல், உரிமம் பெற்ற டீலரிடமே கொடுங்கள்.